கத்தி போய்ச் சேர்வதற்குள்

என் காக்காவோடு நான் பேசி எட்டு வருஷம் ஆகிறது. காக்கா என்றால் எங்கள் வீட்டுப் பேச்சில் கூடப்பிறந்த அண்ணன். அவரும் நானும் பர்மாவில், யாங்கோன் நகரத்துத் தாமுவேயில் ஒரே தெருவில்தான் குடியிருக்கிறோம். அவர் வீட்டில் மீன் பொரித்தால் என் வீட்டில் மூக்கு அரிக்கும், அவ்வளவு பக்கம். எதிரே வந்தால் நான் கடை ஓரமாக ஒதுங்கிவிடுவேன். ஏன் என்று கேட்கிறவர்களிடம் "ஏதோ மான் விஷயம்" என்று என் வீட்டுக்காரர் சொல்லி வைத்திருக்கிறார். "ஒரு மானுக்காகவா கூடப்பிறந்தவரோட பேசல?" என்று அவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்கு வயிறு இன்னும் எரிகிறது.

மானைக் கொன்றதற்காகக் கோபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் சமைக்கிறவள். இருபத்தைந்து வருஷமாகக் கல்யாணத்துக்கும் ஃபாத்திஹாவுக்கும் என் வீட்டு அடுப்பில் டம்பௌ போட்டுக் கொடுக்கிறேன். டம்பௌ என்பது பர்மாக்காரர்கள் பிரியாணிக்கு வைத்திருக்கும் பெயர். ஆடு, மாடு, கோழி, வாத்து என்று என் கை படாத இறைச்சி இல்லை. மானின் கண்ணைப் பார்த்து உருகுகிற ஆள் நான் இல்லை. என் கோபம் வேறு. அதைச் சொல்ல வேண்டுமானால் காக்கா வாங்கிய நிலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

யாங்கோனுக்கு வடக்கே பிக்கப் வண்டியில் இரண்டரை மணி நேரம் போனால் மலையடிவாரம் வரும். அங்கே ரப்பர் போட்டால் ஏழு வருஷத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று யாரோ டீக்கடையில் சொல்லியிருக்கிறார்கள். உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற பேச்சு காதில் விழுந்தால் போதும், காக்கா எழுந்துவிடுவார். நிலத்தை வாங்கினார், கன்று நட்டார். நட்ட கன்றுகளின் குருத்தையெல்லாம் ஜீ வந்து கடித்துவிட்டுப் போனது. ஜீ என்பது ஆட்டு உயரத்தில் செம்பட்டையாக இருக்கும் காட்டு மான். பயந்தால் நாய் மாதிரி குரைக்கும். தமிழ்நாட்டில் கேளையாடு என்கிறார்களாம்.

நிலத்தைப் பார்த்துக்கொள்ள, பக்கத்துக் கிராமத்துக் கரேன் இனத்துக்காரர் ஒருவரைக் காக்கா வைத்திருந்தார். பரம்பரை வேட்டைக்காரர். குழாய் வழியாக வெடிமருந்து இடித்துப் போடும் பழைய நாட்டுத் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. அப்போதெல்லாம் அந்தப் பக்கம் அதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. யோசனை சொன்னவர் அவர்தான். "காட்டோரமாக அதற்கு வேறு சாப்பாடு போட்டுவிடுங்கள், கன்றை விட்டுவிடும்" என்று பர்மியத்தில் சொன்னார். காக்கா திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குக் கைராசி உண்டு. மாடி இல்லாத தரைவீட்டில், சாக்கடைக்கும் சுவருக்கும் நடுவே தகர டின்னில் மிளகாயும் பீர்க்கும் காய்க்க வைத்தவள் நான்.

ஆக அந்த வயல் என்னுடையது. நான் போட்டது. முதல் மழை விழுந்ததும் மூங்கில் காட்டை ஒட்டி ஒரு துண்டு நிலத்தைக் கொத்தி, தட்டைப்பயறு தூவினேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் தூவக் கூடாது. பதினைந்து நாளுக்கு ஒரு பாத்தி என்று விட்டு விட்டுத் தூவினால்தான் எப்போதும் ஒரு பாத்தியில் இளந்தளிர் இருக்கும். ஜீக்குத் தளிர்தான் வேண்டும், முற்றினதைத் திரும்பியும் பார்க்காது. பாத்திக்குப் பாத்தி நடுவே சர்க்கரைவள்ளிக் கொடி. கொடி முழங்கால் உயரம் வரும்வரை மூங்கில் முள்ளால் சுற்றி அடைத்தோம். பிறகு காட்டுப் பக்கத்து அடைப்பை மட்டும் பிரித்துவிட்டோம். ஓர் ஓரத்தில் குழி வெட்டி, கல்லுப்பும் அடுப்புச் சாம்பலும் பிசைந்து மண்ணில் புதைத்தோம். அந்த உப்பு மண்ணை நக்க வந்த காலடிகளை நான் எண்ணினேன், முதல் தடவை இரண்டு சோடி, அடுத்த மாதம் ஏழு. மழை நின்று காடு காய்ந்த பிறகும் ஓடையில் தண்ணீர் மொண்டு ஊற்றி வயலைப் பச்சையாக வைத்திருந்தேன். நான் இல்லாத நாட்களில் தூவுவதும் ஊற்றுவதும் வேட்டைக்காரர் வேலை. மாதம் ஒரு தடவை காக்காவின் வண்டியில் போவேன். விதை டின்னை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டரை மணி நேரம் அவருடைய பெருமையைக் கேட்டுக்கொண்டு.

ரப்பர் கன்று பிழைத்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தினமும் விடியற்காலையில் ஒரே இடத்துக்கு, ஒரே வழியாக, தானாக நடந்து வரும் இறைச்சியைக் காக்கா பார்த்துவிட்டார். டீக்கடைக் கூட்டாளிகளை அழைத்துப் போய் "என் மான் வயல்" என்று காட்டினார். என் வயல், அவர் வாயில் அவருடையதாயிற்று. அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். கூடப்பிறந்தவர் பெருமை பேசினால் தங்கைக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்று.

தகப்பனாரை நாங்கள் வாப்பா என்போம். எங்கள் வாப்பா இறந்த நாளின் ஆண்டு ஃபாத்திஹா வந்தது. வருஷா வருஷம் அந்த நாளில் சமைத்து, ஓதி, தெருவுக்கெல்லாம் கொடுப்போம். "இந்த வருஷம் மான் இறைச்சி போடுவோம் புள்ள. வாப்பாவுக்கு உசுரு அதுல" என்றார் காக்கா. வாப்பாவுக்கு உண்மையிலேயே பிடிக்கும். எனக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது.

சுட்டு விழுந்ததை அப்படியே நாங்கள் சாப்பிட முடியாது. குண்டு பட்ட பிறகும் உயிர் துடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் நம் ஆள் ஒருவர் கத்தியோடு ஓடி, பிஸ்மி சொல்லிக் கழுத்தை அறுக்க வேண்டும். அதற்குள் உயிர் போய்விட்டால் அது செத்த பிராணி, தொடக் கூடாது. அதனால் எங்கள் ஆட்கள் வேட்டைக்குப் போனால் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். சுடுகிறவர் பின்னங்காலில் சுடுவார், அறுக்கிறவர் கத்தியை உருவிக்கொண்டு பத்துப் பதினைந்து எட்டு வைக்கும் தூரத்திலேயே பதுங்கியிருப்பார். வெடிச் சத்தமும் அவருடைய ஓட்டமும் ஒன்றாகக் கேட்க வேண்டும் என்பார்கள்.

"அப்படித்தானே செய்வீங்க காக்கா?" என்று கேட்டேன்.

"நான் என்ன நேத்துப் பொறந்தவனா? நான்தான் அறுக்கப் போறேன். என் கையால."

ஃபாத்திஹாவுக்கு முந்தின நாள் மத்தியானம் இரண்டு ஜீயின் இறைச்சி மூங்கில் கூடையில் வந்து இறங்கியது. நான் கழுவ உட்கார்ந்தேன். முதல் தண்ணீர் சிவப்பாகப் போனது. அது சகஜம். இரண்டாம் தண்ணீரும் சிவப்பு. மூன்றாவது, நான்காவது. ஒழுங்காக அறுத்து இரத்தம் ஓட்டின இறைச்சி மூன்றாம் தண்ணீரில் வெளுத்துவிடும், இது என் கை அறிந்த விஷயம். தொடைத் துண்டை அழுத்தினால் கருஞ்சிவப்பாகக் கட்டி கட்டியாக வந்தது. கைகளைத் துடைத்துக்கொண்டு காக்காவுக்கு போன் போட்டேன்.

"இரத்தம் ரொம்ப இருக்கு காக்கா. அறுக்கும்போது நல்லா ஓடுச்சா?"

"காட்டு இறைச்சி அப்படித்தான் இருக்கும் புள்ள. இலை தழை தின்னு ஓடுற பிராணி. ஆட்டுக்குட்டி மாதிரி வெள்ளையாவா இருக்கும்? கெய்ஸா மஷிபூ."

கெய்ஸா மஷிபூ. பரவாயில்லை, ஒன்றுமில்லை என்று பர்மியத்தில் சொல்வது. காக்காவின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு சொல்லின் மேல்தான் ஓடுகிறது. மான் இறைச்சி இயல்பிலேயே கறுப்புத்தான், அது உண்மை. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு நான் அடுப்பு மூட்டினேன்.

மான் இறைச்சியில் கொழுப்பே கிடையாது. அப்படியே போட்டால் சவுக்கு மாதிரி ஆகிவிடும். பச்சைப் பப்பாளிக்காயை அரைத்து, இஞ்சி பூண்டோடு பிசைந்து ஊற வைத்தேன். ஆட்டுக் கொழுப்பை உருக்கி, அதில் வெங்காயத்தைக் கறுக்கக் கறுக்க வதக்கினேன். பாதி இறைச்சி டம்பௌவுக்கு. மீதியில் ஆணம் வைத்தேன். நாங்கள் குழம்பை ஆணம் என்போம். தேங்காய்ப்பால் ஊற்றவில்லை. பர்மாக்காரர்கள் போலப் புளிச்சக்கீரையை அள்ளிப் போட்டேன். காட்டு வாடையை அடக்குவதற்கு அந்தப் புளிப்புத்தான் சரி. கொதி வந்தபோது மேலே கறுப்பாக நுரை கட்டியது. அகப்பையால் எடுத்து எடுத்துக் கொட்டினேன். இத்தனை நுரையை நான் பார்த்ததில்லை. அதையும் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

ருசி என்றால் ருசி. பொய் சொல்லக் கூடாது, என் கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஓர் ஆணம் விழவில்லை. கறுப்பாக, கெட்டியாக, எலும்பைத் தொட்டால் இறைச்சி கழன்று வந்தது.

மறுநாள் ஓதி முடித்துத் தெருவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எதிர்க் கட்டடத்தின் நாலாம் மாடியில் ஒரு லாத்தா இருக்கிறார். லாத்தா என்று மூத்த பெண்களை அழைப்போம். பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறவர், தனியாள். ஹலால் விஷயத்தில் அவரைப் போலக் கறாரானவர் யாங்கோனில் இன்னொருவர் இருக்க மாட்டார். பிஸ்கட் பாக்கெட்டைக் கண்ணாடி போட்டுப் படிப்பார். கல்யாண வீட்டுக்கே தன் சோற்றை டப்பாவில் கட்டிக்கொண்டு வருவார். "அந்த லாத்தா குழாய்த் தண்ணிக்கும் சர்டிபிகேட் கேப்பா" என்று தெருவே கேலி பேசும். அவருடைய வீட்டுக்கு வெளியே உலகத்தில் அவர் கை நனைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான், என் அடுப்படி. வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள் வந்து, மூன்று கேள்வி கேட்டு, பாத்திரங்களைப் பார்த்துவிட்டுப் போனார். அதன்பிறகு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எனக்கு எந்தப் பட்டமும் கிடையாது, பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. அந்த லாத்தா கேட்காமல் சாப்பிடுகிறார் என்பதுதான் எனக்கு இந்தத் தெருவில் பட்டம்.

யாங்கோனில் மாடி வீட்டுக்காரர்கள் பால்கனியிலிருந்து கயிறு தொங்கவிட்டிருப்பார்கள். கீழே வருகிற பேப்பரோ சோறோ அந்தக் கயிற்றில் மாட்டினால் இழுத்துக்கொள்வார்கள். நான் டிபன் கேரியரை லாத்தாவின் கயிற்றுக் கொக்கியில் மாட்டினேன். மேலேயிருந்து அவர் எட்டிப் பார்த்தார். மான் என்று காற்று வாக்கில் கேட்டிருக்கிறார் போல. கயிற்றை இழுக்கவில்லை.

"யாரு தங்கச்சி அறுத்தா?" என்று நாலாம் மாடியிலிருந்து கேட்டார்.

தெருவில் பத்துப் பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு மானம் போகிற மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் கழித்து என்னையா கேட்பது?

"எங்க காக்கா! அவரு கையால! நான் பொறுப்பு லாத்தா!" என்று மேலே பார்த்துக் கத்தினேன்.

கயிறு மேலே போனது. சாயங்காலம் கழுவின கேரியரில் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்து இறக்கினார். "இப்படி ஒரு ஆணம் நான் சாப்பிட்டதில்ல தங்கச்சி" என்றார்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் நிலத்துக்குப் போனேன். கடைசியாகத் தூவின பாத்தி முளைக்கவில்லை என்று வேட்டைக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். அன்றிரவு அவருடைய வீட்டில் தங்கினோம். காக்கா தன் கூட்டாளி வீட்டுக் காரியத்துக்கு இன்னும் ஒரு ஜீ கேட்டிருந்தார். விடியற்காலையில் தொழுதுவிட்டு, நான் ஓடைப் பக்கம் தண்ணீர் மொள்ளப் போனேன். அங்கிருந்து பார்த்தால் வயல் முழுவதும் தெரியும். வேட்டைக்காரர் மூங்கில் புதருக்குள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பக்கத்தில் காக்காவைத் தேடினேன், காணோம். இருநூறு எட்டு வைக்கும் தூரத்தில், காவலுக்குப் போட்டிருந்த குடிசையின் திண்டில், சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு, இரண்டு கையாலும் டீக் குவளையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புல்லில் அட்டை இருக்கிறதாம். பிறகு கேட்டபோது அப்படித்தான் சொன்னார்.

ஒரு ஜீ வந்தது. நான் தூவின பயற்றில் வாய் வைத்தது. வெடித்தது. அது அந்த இடத்திலேயே, கால்களை மடக்கக்கூட நேரமில்லாமல், சாய்ந்தது. நான் குடத்தைப் போட்டுவிட்டுக் குடிசைப் பக்கம் பார்த்தேன். காக்கா டீயை ஒரு மடக்குக் குடித்தார்.

வேட்டைக்காரர் போய் அதைப் புரட்டிப் பார்த்தார். கண்ணைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மடியிலிருந்து சுருட்டை எடுத்துப் பற்ற வைத்தார். யாருக்காகவோ காத்திருக்கிறவரைப் போல நிதானமாகப் புகை விட்டார். சுருட்டு பாதி கரைந்த பிறகு காக்கா லொஞ்ஜியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, அட்டைக்குப் பயந்து ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்துக்கொண்டு வந்தார். சத்தமாக பிஸ்மி சொன்னார். கத்தியைக் கழுத்தில் இழுத்தார். இரத்தம் பீறிடவில்லை. கறுப்பாகக் கொஞ்சம் கசிந்தது, அவ்வளவுதான்.

நான் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டேன். ஓடி வந்ததில் எனக்கு மூச்சு வாங்கியது.

"காக்கா, அது எப்பவோ மவுத்தாப் போச்சு."

நிமிர்ந்து பார்த்தார். முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு வழக்கமான முகம் வந்துவிட்டது. "உசுரு இருந்துச்சு புள்ள. காது அசைஞ்சத நான் பாத்தேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். இவர் ஒரு முழு மானை என் கண்ணெதிரில் மறைத்தார். நான் வேட்டைக்காரரிடம் திரும்பி, அண்ணன் என்கிற மரியாதையில் அகோ என்று அழைத்துப் பர்மியத்தில் கேட்டேன். "அகோ, இது எப்போது செத்தது?"

அவருக்கு அந்தக் கேள்வியே அவமானமாக இருந்தது. "சுட்டவுடன்தான். நான் இரண்டாம் குண்டு போடுகிறவன் இல்லை."

"காலில் சுடச் சொல்லி எங்கள் அண்ணன் சொல்லவில்லையா?"

"சொன்னார். மாட்டேன் என்றேன். காலில் சுட்டால் அது முறிந்த காலோடு காட்டுக்குள் ஓடும். அது படுகிற பாட்டை யார் பார்ப்பது? சரி, கெய்ஸா மஷிபூ என்றார்."

"போன தடவை? அந்த இரண்டும்?"

"அதுவும் இப்படித்தான். அன்றைக்கு உங்கள் அண்ணன் இன்னும் தாமதம், சாப்பிட்டுவிட்டு வந்தார்." பிறகு என் முகத்தைப் பார்த்து, தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, அக்கா என்பதற்கு அவர்கள் சொல்லும் அமா என்று அழைத்து மெதுவாகக் கேட்டார். "செத்ததற்கு நீங்கள் செய்கிற சடங்கு என்று நினைத்துத்தான் நான் காத்திருந்தேன், அமா. இல்லையா?"

எனக்கு அவர் மேல் ஒரு துளி கோபம் வரவில்லை. அவர் தன் தொழிலைச் சுத்தமாகச் செய்திருக்கிறார். மிருகத்தை வதைக்காமல் ஒரே குண்டில் முடிக்கிறவர். எங்களுக்காகச் சுருட்டுப் பிடித்துக்கொண்டு காத்திருந்த மரியாதை அவரிடம் இருந்தது. அந்த இருநூறு எட்டை நடந்து புல்லில் உட்கார முடியாத சோம்பல், ஓர் அட்டைக்குப் பயம், இந்த இரண்டும் என் காக்காவிடம் இருந்தன. அதற்காக எங்கள் வாப்பாவின் ஃபாத்திஹாவில் செத்ததை வைத்து ஓத விட்டிருக்கிறார். தெருவையே தின்ன விட்டிருக்கிறார்.

அந்த மானை வேட்டைக்காரர் வீட்டிலேயே விட்டுவிடச் சொன்னேன். ஏற்றினால் நான் வண்டியில் ஏற மாட்டேன் என்றேன். திரும்பி வரும் வழி முழுவதும் சண்டை. நான் கத்தினேன், அவர் ஓட்டினார்.

"தெரியாம சாப்பிட்டவங்களுக்குக் குத்தமே இல்ல புள்ள, மார்க்கத்துல இருக்கு. நீ போய்ச் சொல்லிவச்சாதான் அவங்க மனசு கஷ்டப்படும். அந்தப் பாவம் ஒனக்குத்தான்."

எப்படி இருக்கிறது பாருங்கள்! அறுக்காத பாவம் காற்றில் போய்விட்டது. சொல்லப் போகிற பாவம் என் தலையில் வந்து விழுந்தது. வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, பயிரைப் பார்த்து நீ ஏன் சத்தம் போடுகிறாய் என்று கேட்ட மாதிரி. "அறுக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு ஆடு வாங்கியிருக்க மாட்டேனா?" என்று கேட்டேன். அவர் ரேடியோவைத் திருகினார். அந்த ரேடியோ திருகின கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "நடந்தது நடந்துபோச்சு. வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும்" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? எனக்கென்று இருக்கிற இரண்டு ஆண்பிள்ளைகளும் என் வாயில்தான் பூட்டுப் போட வந்தார்கள், காக்காவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று நாள் நான் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. வந்த ஆர்டரையும் முடியாது என்று திருப்பிவிட்டேன். கடையிலிருந்து மீன் குழம்பு ஊற்றின சேமியா, அதான் மொஹிங்கா, வாங்கித் தின்றார்கள், தின்னட்டும். பாத்திரம் தேய்க்கும்போதும், துணி பிழியும்போதும், காக்காவை என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று வாய்க்குள்ளேயே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனையும் சுத்தமான, நியாயமான கோபம். அதில் எனக்கு ஒரு சுகம்கூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாலாம் நாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு லாத்தா வீட்டுக்குப் படியேறினேன். தெருவுக்கெல்லாம் சொல்வதற்கு முன்னால் அவருக்குச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். நாலு மாடி ஏறும்வரை காக்காவின் மேல்தான் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். ஓதுகிற பிள்ளைகள் அப்போதுதான் கலைந்து போயிருந்தார்கள். லாத்தா, குர்ஆனை விரித்து வைத்து ஓதுகிற ரெஹால் பலகைகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்.

நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். குடிசைத் திண்டு, டீக் குவளை, பாதிச் சுருட்டு, அட்டைப் பயம், கறுப்பாகக் கசிந்த இரத்தம். காக்கா வண்டியில் சொன்ன நியாயம். "என்னை ஏமாத்திட்டாரு லாத்தா. கூடப்பிறந்தவரு, வாப்பா பேரைச் சொல்லி என் கையாலயே உங்களுக்குக் குடுக்க வச்சுட்டாரு" என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. கோப அழுகைதான்.

லாத்தா பலகைகளை அடுக்கி முடித்தார். முகத்தில் அருவருப்பு வரும், வாயைக் கழுவ ஓடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பாயில் உட்கார்ந்து, என்னையும் உட்காரச் சொன்னார்.

"இறைச்சியக் கழுவினது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்."

"எத்தனை தண்ணி?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. "அஞ்சு" என்றேன். பிறகு, "ஆறு" என்றேன்.

"வெளுத்துச்சா?"

"இல்ல."

"நுரை?"

"இருந்துச்சு லாத்தா. கறுப்பா."

"அப்ப ஒனக்கு மனசுல பட்டிருக்கு."

"பட்டுச்சு. காக்காவக் கேட்டேன். அவரு..."

லாத்தா கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். கோபமே இல்லை அவர் குரலில். பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிற அதே குரல்.

"ஒன் காக்கா எங்கிட்ட ஒண்ணும் சொல்லல தங்கச்சி. அவர நான் கேக்கவும் இல்ல. நான் ஒன்னத்தான் கேட்டேன். நீதான் பொறுப்புன்னு சொன்ன."

கீழே தெருவில் யாரோ காய்கறி கூவிக்கொண்டு போனார்கள். லாத்தா எழுந்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். சலாம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நாலு மாடி இறங்கும்வரை காக்காவைத் திட்ட ஒரு வார்த்தை தேடினேன். மூன்று நாளாக வாய் நிறைய இருந்ததில் ஒன்றுகூட வரவில்லை.